முதலில் போடு, பிறகு சரிபார்

அன்று கத்தி அறையில் இருந்தவர்கள் நான்கு பேர். பிரமீளா மேடம், சுவரோரம், கையில் பதிவேடு. சேகர், கத்தி மெஷின் முன்னால். மஸ்தான் பாய், கதவோரம், திரவ நைட்ரஜன் ஜாடிக்குக் காவல். நான், சேகருக்கும் ஜாடிக்கும் நடுவில். எலிகள் முப்பத்திரண்டு. யார் யார் இருந்தோம் என்பதைப் பதிவேட்டின் முதல் வரியில் எழுதி ஆளுக்கொரு கையெழுத்துப் போடுவது எங்கள் லேபில் விதி. எலிகளிடம் வாங்குவதில்லை.

இதை இப்போது எழுதக் காரணம் கீர்த்தனா. நான் ஓய்வுபெற்ற பிறகு என் இடத்துக்கு வந்த பெண். போன மாதம் போன் செய்தாள். நான் இத்தனை வருடம் கையால் செய்த வேலைக்கு ஒரு மெஷின் வந்திருக்கிறதாம். மைக்ரோவேவ் அடுப்பு மாதிரி, ஆனால் எலித் தலைக்கென்றே செய்தது. மூளைக்குள் நடக்கிற எல்லாவற்றையும் ஒரு நொடியில் நிறுத்திவிடுமாம். "அப்போல்லாம் நீங்க எப்படிக்கா பண்ணீங்க? ஆண்டு மலருக்கு ஒரு பக்கம் எழுதிக் குடுங்க" என்றாள். ஒரு பக்கத்தில் அடங்கவில்லை. எதையும் மூன்று முறை பார்க்காமல் விடுகிற ஆள் இல்லை நான். கட்டுரையும் அதைப் பற்றியதுதான்.

நான் ஏழாவது வரை படித்தேன். எட்டாவதுக்கான பள்ளிக்கூடம் ரயில்வே கேட்டுக்கு அந்தப் பக்கம் இருந்தது. கேட்டைத் தாண்ட நான் பயந்தேன். என்னைவிட வீட்டில் அதிகம் பயந்தார்கள். படிப்பு அதோடு முடிந்தது. கல்யாணமாகி எளாவூர் வந்தேன். கணவர் ஏகாம்பரம், நெடுஞ்சாலை ஓரத்தில் லாரிகளுக்குப் பஞ்சர் போடுகிறவர். நான் கும்மிடிப்பூண்டிப் பக்கம் ஒரு இறால் கம்பெனியில் ஒன்பது வருடம் தலை கிள்ளினேன். தொழிற்பேட்டையில் இந்த லேப் திறந்தபோது பெருக்கித் துடைக்கும் வேலைக்குச் சேர்ந்தேன். எலி அறைக்கு ஆள் தேடினார்கள். தலை, ஐஸ், ரத்தம் மூன்றுக்கும் பழகியிருந்தவள் நான் ஒருத்திதான். என்னிடம் வேறு தகுதி கேட்கவில்லை.

இறால் கம்பெனியில் என் டோக்கன் அறுபத்தொன்று. ஒருநாள் யாரோ டோக்கனைத் தலைகீழாகப் படித்து, என் கூடையைப் பத்தொன்பதாம் நம்பர் பொம்பளை பேரில் எழுதிவிட்டார்கள். அன்றிலிருந்து எந்த எண்ணையும் ஒரு தடவை படித்து நான் நம்பியதில்லை. கேஸ் அடுப்பும் அப்படித்தான். மூடினேனா என்று பார்க்க எளாவூர் ஸ்டேஷனிலிருந்து திரும்பி வீட்டுக்கு நடந்த நாட்கள் எல்லாம் லேபின் வருகைப் பதிவேட்டில் தாமதமாக ஏறியிருக்கின்றன. அடுப்பு ஒருநாளும் திறந்திருந்ததில்லை.

எலி அறைக்குத் தலைமை பிரமீளா மேடம். சூளூர்பேட்டையிலிருந்து ரயிலில் வருவார். டாக்டர் பட்டம் வாங்கியவர், ஆனால் டாக்டர் என்று கூப்பிட்டால் திரும்பமாட்டார். அவர் யாரையும் திட்டி நான் கேட்டதில்லை. தப்பு செய்தவர் எதிரில் போய் நின்றால் "சொல்லு" என்பார். சொல்லி முடித்ததும் "அப்புறம்?" என்பார். பிறகு பேசமாட்டார். காத்திருப்பார். அந்த "அப்புறம்?"-க்குப் பதிலாக, கேட்காத தப்பையெல்லாம் ஆட்கள் தாங்களே சொல்லிவிட்டுப் போவார்கள். ஒருமுறை மஸ்தான் பாய் நைட்ரஜன் வண்டி லேட்டானதற்குக் காரணம் சொல்லப் போய், முந்தின மாதம் வண்டியில் பழவேற்காட்டு மீன் ஏற்றிக்கொண்டு வந்ததையும் சொல்லிவிட்டு வந்தார். "அந்தம்மா கேக்கவே இல்ல கோமளா. நானே சொல்லிக்கினு நிக்கிறேன்" என்றார்.

மேடம் முதல் நாளே கற்றுக்கொடுத்தது எழுதும் முறை. பதிவேட்டில் பேனாவால்தான் எழுத வேண்டும். தப்பாக எழுதினால் அழிக்கக் கூடாது, கிறுக்கி மறைக்கக் கூடாது, தாளைக் கிழிக்கக் கூடாது. ஒரே ஒரு கோடு, அடியில் எழுதினது தெரிகிற மாதிரி. பக்கத்தில் சரியானது, கையெழுத்து, தேதி. "நீ தப்பு பண்ணினது தெரியணும், என்ன தப்புன்னும் தெரியணும்" என்றார். என் மாதிரி ஆளுக்கு இதைவிடப் பெரிய தண்டனை கிடையாது. முதல் மாதம் நான் பேனாவைத் தொடவேயில்லை. அதற்கப்புறமும் பெயரை மனதுக்குள் எழுதிப் பார்த்துவிட்டுத்தான் கையெழுத்துப் போட்டேன்.

கத்தி அறை வேலை இப்படி. எலிக்கு முதலில் சேகர் ஊசி போடுவான். பாதி எலிகளுக்கு மருந்துப் பவுடர் கரைத்த ஊசி, பாதிக்கு வெறும் கரைசல். ஒரு மணி நேரம் காத்திருப்போம். பிறகு மூன்று நிமிடத்துக்கு ஒரு எலி. சேகர் மெஷினில் வைத்துக் கைப்பிடியை இறக்குவான். தலை என் கையில் இருக்கிற வலைத்துணிப் பையில் விழும். பையில் பிளாஸ்திரி ஒட்டி பென்சிலால் எண் எழுதியிருக்கும். நைட்ரஜனில் பேனா மை போய்விடும், பென்சில் நிற்கும். எலியின் வாலிலும் அதே எண். நான் இரண்டும் ஒத்துப்போகிறதா என்று பார்த்து, நீள இடுக்கியால் பையை ஜாடிக்குள் விட வேண்டும். அப்பளம் பொரிகிற மாதிரி சத்தம் வரும். வெள்ளைப் புகை கணுக்கால் வரை இறங்கும். சத்தம் அடங்கினால் தலை கல்.

"சீக்கிரம், சீக்கிரம்" என்று மட்டும் சொல்லிக்கொடுத்திருந்தார்கள். ஏன் சீக்கிரம் என்று யாரும் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. இறாலிலும் சீக்கிரம்தான் சொல்வார்கள். ஐஸில் போடத் தாமதித்தால் தலைப்பக்கம் கருப்பு விழும், வாங்குகிறவன் தள்ளிவிடுவான். இதுவும் அப்படி ஏதோ என்று இருந்துவிட்டேன்.

எனக்குப் பயம் எண்ணில்தான் இருந்தது. முப்பத்திரண்டு எலியில் ஒரு எண் மாறினால், வெளிநாட்டுக் கம்பெனி காசு கொடுத்துச் செய்யச் சொன்ன வேலை மொத்தமும் பாழ். அதனால் ஊசி போடுவதற்கு முன்னால் சேகரிடம் போனேன். சேகர் திருநின்றவூர்ப் பையன். இரண்டு ரயில் மாறி வருவான், ஆனாலும் எனக்கு முன்னால் வந்திருப்பான்.

"சேகரு, வால்ல நம்பர் போடும்போது கலர் மாத்திப் போடேன். பவுடர் எலிக்கு ஒண்ணு, வெறும் எலிக்கு ஒண்ணு. மாறிச்சின்னா கண்ணுக்காவது தெரியும்."

"அக்கா, நீ பயந்துக்கினே இருந்தா எலிக்கு முன்னாடி உனக்கு ஊசி போடணும்" என்றான். ஆனால் போட்டான். வெறும் எலிக்கு நீல மை, பவுடர் எலிக்குச் சிவப்பு. பைகளிலும் அதே நிறத்தில் ஒரு புள்ளி. எனக்காகச் செய்த உதவி. பார்த்துக்கொண்டிருந்த மஸ்தான் பாய், "அப்படியே ரேஷன் கார்டும் வாங்கிக் குடுத்துடு" என்றார்.

அன்று வேலை நன்றாக நடந்தது. எண் எதுவும் மாறவில்லை. மாலையில் மேடம் பதிவேட்டை மூடியபோது, "ஒரு கோடு கூட இல்ல, சரே" என்றார். தெலுங்கில் சரே என்றால் சரி. அவர் வாயில் அது பாராட்டு.

மூன்று வாரம் கழித்து, ஒரு சனிக்கிழமை, மாடியில் இருக்கிற மெஷின்காரர்கள் முடிவைக் கொடுத்தார்கள். பவுடர் வேலை செய்திருந்தது. பவுடர் வாங்கின எலிகளின் மூளையில் அளக்க வேண்டிய பொருள் நன்றாக ஏறியிருந்தது, வெறும் எலிகளில் இல்லை. டைரக்டர் சார் கீழே இறங்கி வந்தார். அவர் கீழே வருவது ஆயுதபூஜைக்கு மட்டும். லட்டு கொடுத்தார். ரிப்போர்ட் திங்கட்கிழமை நாலு மணி கொரியரில் போகும், போனால் பெரிய வேலை தொடர்ந்து வரும், வந்தால் காண்ட்ராக்டில் இருக்கிற ஐந்து பேரும் நிரந்தரம் என்றார். ஐந்து பேரில் நான் ஒன்று, சேகர் ஒன்று. சேகருக்குப் பெண் பார்த்திருந்தார்கள். நிரந்தரம் ஆனால்தான் தேதி குறிப்போம் என்று பெண் வீட்டார் சொல்லியிருந்தார்கள்.

லட்டைத் தின்று முடித்து, பாதியைக் காகிதத்தில் மடித்துக்கொண்டிருந்தபோது மேடத்திடம் கேட்டேன். "அது இன்னா மேடம் ஏறியிருக்குது?"

அவர் உட்கார வைத்துச் சொன்னார். நான் புரிந்துகொண்டது இது. கஞ்சா புகைத்தால் போதை ஏறுவது, மூளை செல்லின் மேல் அதைப் பிடித்துக்கொள்ள ஒரு ரிசப்டர் இருப்பதால். கஞ்சாவுக்காகவா உடம்பு அதை வைத்திருக்கும்? உடம்பு தானே ஒரு பொருளைச் செய்து அதில் ஒட்டவைக்கிறது. வலியை அடக்க, பயத்தைக் குறைக்க, பசியைத் தூண்ட. அந்தப் பொருளில் இரண்டு முக்கியம். ஒன்றுக்கு ஆனந்தம் என்ற சொல்லை வைத்தே பெயர் வைத்திருக்கிறார்களாம். நாங்கள் அளந்தது மற்றது. அதற்கு டூ ஏஜி என்று எண்ணும் எழுத்தும்தான் கிடைத்திருக்கிறது.

நான் இதை வீட்டுத் தண்ணீர்த் தொட்டி மாதிரி வைத்துக்கொண்டேன். குழாய் ஒரு பக்கம். தண்ணீர் போகிற ஓட்டை ஒரு பக்கம். தொட்டி ஏறினால் கத்துகிற அலாரம் ஒன்று. டூ ஏஜி தண்ணீர். ரிசப்டர் அலாரம். டூ ஏஜியைச் செய்கிற என்சைம் குழாய், அதை வெட்டித் தீர்க்கிற என்சைம் ஓட்டை. பாடப் புத்தகத்தில் நொதி என்று போட்டிருப்பார்களாம். நான் அந்த வகுப்பு வரை போகவில்லை. குழாயும் ஓட்டையும் ஒன்றுக்கொன்று சரியாக இருந்தால் அலாரம் வேண்டியபோது கத்தும், பிறகு அடங்கும். வெளிநாட்டுக் கம்பெனியின் பவுடர் அந்த ஓட்டையில் அடைக்கிற துணி. அடைத்தால் தண்ணீர் நிற்கும், அலாரம் இன்னும் கொஞ்ச நேரம் கத்தும், வலி குறையும், கஞ்சா வேண்டாம். இதுதான் அவர்கள் கணக்கு.

"அப்ப தண்ணி ஏறிச்சின்னா துணி நல்லா அடைக்குதுன்னு அர்த்தம்" என்றேன்.

"ஆமா. ஒரு சிக்கல் இருக்கு. உயிர் போன உடனே குழாய் சும்மா இருக்காது. ரொம்ப வேகமாத் திறந்துக்கும். அரை நிமிஷத்துல தொட்டி ஏறிடும். அதுக்குத்தான் நைட்ரஜன். உறைஞ்சா குழாயும் நின்னுடும். உங்க இறால்ல கருப்பு விழறதும் ஒரு என்சைம்தான், செத்த பிறகு வேலை செய்யறது." பிறகு பேனாவை எடுத்தார். "நல்லவேளை கேட்டே. ரிப்போர்ட்ல எழுதணும். தலை விழுந்ததிலிருந்து ஜாடில போடற வரைக்கும் எவ்ளோ நேரம்?"

சேகர் பக்கத்தில் இருந்தான். "பத்து, பன்னெண்டு செகண்டு மேடம்" என்றான்.

மேடம் எழுதினார். நான் மீதி லட்டைப் பையில் வைத்தேன். பன்னிரண்டு என்பது சரிதான் என்று மனதுக்குள் சொன்னேன். இரண்டாம் தடவையும் சொன்னேன். மூன்றாம் தடவை சொல்லும்போது அது எனக்கே சரியாகப் படவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலை கும்மிடிப்பூண்டி பஜாரில் விளையாட்டுச் சாமான் கடை திறந்ததும் ஒரு ஸ்டாப்வாட்ச் வாங்கினேன். பில் போடச் சொன்னேன். நான் எதற்கும் பில் வாங்குவேன். வீட்டில் முப்பத்திரண்டு உருளைக்கிழங்கு எடுத்து, எண் போட்டு, பாதிக்கு நீலம், பாதிக்குச் சிவப்பு என்று புள்ளி வைத்தேன். வாலுக்குப் பதில் ஒவ்வொன்றுக்கும் எண் எழுதின சீட்டு. ஜாடிக்குப் பதில் தண்ணீர் வாளி. கணவரை சேகர் இடத்தில் உட்காரவைத்து, ஸ்டாப்வாட்சையும் அவர் கையில் கொடுத்தேன்.

"இன்னா கோமளா இது? மசாலுக்கு ரெண்டு கிலோவா?"

"நீங்க கெழங்கைப் பையில போட்டதும் அமுக்குங்க. நான் வாளில போட்டதும் அமுக்குங்க. செகண்டை மட்டும் சொல்லுங்க."

"தண்ணில போடறதுக்கு வாட்ச் எதுக்கு?"

"இது கெழங்கு இல்ல. தலை."

அவர் முதல் கிழங்கை எடுத்தார். என்னோடு இத்தனை வருடம் இருந்தவர்.

முதல் பத்துக் கிழங்கு ஆனதும் அவரே நிறுத்தினார். "நீ ஒண்ணு கவனிச்சியா? நீலத்தைப் பாத்தா போட்டுடுற. செவப்பைப் பாத்தா மந்திரம் சொல்ற."

"இன்னா மந்திரம்?"

"வாயி மொணமொணங்குது. சீட்டைப் பாக்கற, பையப் பாக்கற, தலையத் தூக்கி செவுத்தைப் பாக்கற. மறுபடி சீட்டு. மூணு ரவுண்டு."

சுவரில் நான் பார்த்தது மேடத்தின் பதிவேட்டை. லேபில் அவர் அந்தப் பக்கச் சுவரோரம்தான் நிற்பார். சிவப்பு என்றால் கம்பெனியின் பவுடர் ஏறிய எலி, மாறிவிட்டால் பெரிய வம்பு. ஆகவே வாலில் படித்து, பையில் படித்து, பதிவேட்டில் படித்து, வாய்க்குள் சொல்லி, திரும்ப ஆரம்பத்திலிருந்து. நீலம் என்றால் வெறும் எலி, போட்டுவிடலாம். கணவர் சீட்டின் பின்பக்கம் குறித்திருந்ததைப் பார்த்தேன். நீலம் எல்லாம் பத்து, பதினொன்று, பன்னிரண்டு. சிவப்பில் ஐம்பதுக்குக் குறைந்தது ஒன்றும் இல்லை.

ஓட்டையைத் துணி அடைத்ததா, நான் குழாயைத் திறந்துவிட்டு நின்றேனா என்பது தொட்டியைப் பார்த்துச் சொல்ல முடியாது. இரண்டிலும் தண்ணீர் ஏறியிருக்கும். சொல்லக்கூடியவள் நான் ஒருத்திதான். சொன்னால் வேலை போகும் என்று எனக்கு நிச்சயம். சொல்லாவிட்டால் அந்தப் பவுடரை நாளைக்கு யாருக்காவது வலிக்குக் கொடுப்பார்கள், அது கேட்காது. அந்த ஆள் யாரென்று தெரியாததால் அவருக்காக அதிகம் கவலைப்பட்டேன். தெரிந்த ஆளாக இருந்தால் போய்ப் பார்த்துவிட்டு வந்திருப்பேன். அன்று மதியம் உருளைக்கிழங்கு வறுவல், இரவும் அதுதான், அடுத்த மூன்று நாளும் அதுதான்.

திங்கட்கிழமை பன்னிரண்டரைக்கு மேடம் சாப்பிட உட்கார்ந்தார். தயிர் சாதம், ஆவக்காய். நான் போய் நின்றேன்.

"மேடம், ஒண்ணு சொல்லணும்."

"சொல்லு."

"சேகர் சொன்னான் இல்ல, பன்னெண்டு செகண்டு. அது நீலக் கலர் எலிக்கு மேடம்."

"அப்புறம்?"

"செவப்புக்கு அது இல்ல."

"அப்புறம்?"

"ஐம்பதுக்கு மேல. ஊட்ல உருளைக்கெழங்கு வெச்சுப் பாத்தேன்."

அவர் ஸ்பூனைக் கீழே வைக்கவில்லை. சாதம் முழுவதையும் சாப்பிட்டார். டப்பாவைக் கழுவினார். கையைத் துடைத்துக்கொண்டு கத்தி அறையைத் திறந்தார். மீதமிருந்த வலைத்துணிப் பைகள், காலி ஜாடி, என் ஸ்டாப்வாட்ச். பைகளில் சிவப்பும் நீலமுமாகப் புள்ளி வைத்து, எலிக்குப் பதில் கையுறையை உருட்டிப் போட்டார். இந்த முறை அவர் பதிவேட்டைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஆறு தடவை ஆனதும் போதும் என்றார்.

"கலர் யார் போடச் சொன்னது?"

"நான்தான் மேடம். பயத்துல."

"நானும் இங்கதான் நின்னேன்" என்றார் மேடம். "ஃபாரத்துல வெட்டின நேரத்துக்குக் கட்டம் இருக்கு. உறைஞ்ச நேரத்துக்குக் கட்டம் இல்ல. நான் கட்டத்தைத்தான் பாத்துட்டு இருந்தேன்."

அதை மன்னிப்பு என்று எடுத்துக்கொள்வதா, குற்றச்சாட்டு என்று எடுத்துக்கொள்வதா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

டைரக்டர் அறைக்கு என்னையும் கூட்டிப் போனார், உள்ளே அல்ல, கதவு வரை. கதவு சரியாக மூடாது.

"பிரமீளா, கொரியர்காரன் நாலு மணிக்கு வரான். அட்டெண்டரம்மா வீட்ல உருளைக்கிழங்கு வெச்சு டைம் பாத்தாங்கன்னு நான் க்ளையன்ட்டுக்கு எழுத முடியுமா?"

"அப்புறம்?"

"உருளைக்கிழங்கு டேட்டா இல்ல."

"இல்ல. அப்புறம்?"

"அப்படியே நிஜமா இருந்தாலும், நாப்பது செகண்ட் வித்தியாசத்துல அவ்ளோ ஏறிடுமா?"

மேடம் காத்திருந்தார். நான் வெளியில் நின்று எண்ணினேன், இருபது வரை.

"அது தெரியணும்னா," என்றார் டைரக்டர், "பவுடரே குடுக்காத எலியை நிறுத்தி வெச்சுப் பாத்தாத்தான் தெரியும்."

"சரே" என்றார் மேடம். "எட்டு எலி போதும்."

கொரியர்காரர் நாலு மணிக்கு வந்து வேறு தபால் எடுத்துப் போனார்.

எட்டு எலிக்கும் ஊசி கிடையாது, கலர் கிடையாது. நான்கைத் தலை விழுந்ததும் ஜாடியில் போட்டேன். நான்கைக் கையில் பிடித்தபடி ஐம்பது செகண்டு நின்றேன். பார்ப்பதற்கு எதுவும் இல்லாமல் நிற்பது எனக்குப் பழக்கமில்லை. மஸ்தான் பாய் வாட்சைப் பிடித்துக்கொண்டு, "மந்திரம் சொல்லாத, சொல்லாத" என்று மட்டும் சொல்லிக்கொண்டிருந்தார். செய்தி அதற்குள் அவர் வரை போயிருந்தது.

முடிவு வந்தது. சும்மா நின்ற நான்கிலும் டூ ஏஜி ஏறியிருந்தது, கிட்டத்தட்ட பவுடர் எலிகளுக்கு ஏறியிருந்த அளவுக்கு. பிறகு பவுடரோடு முழுவதையும் திரும்பச் செய்தோம். எந்த எலி எது என்று சேகரைத் தவிர யாருக்கும் தெரியாமல், எல்லா வாலும் கருப்பு மையில். இரண்டு பக்கமும் ஒரே அளவு. துணி ஓட்டையை அடைக்கவேயில்லை.

"கோமளா," என்றார் மஸ்தான் பாய், "நீ ஒருத்தி பயந்தா போதும் போலக்குதே. ஒரு கம்பெனி பவுடரே வேலை செய்யுது."

மேடம் பழைய ரிப்போர்ட்டில் முடிவு என்ற வரியின் மேல் ஒரு கோடு போட்டார். ஒரே கோடு. பக்கத்தில் புதிய முடிவு, கையெழுத்து, தேதி. இரண்டும் சேர்ந்தே வெளிநாட்டுக்குப் போனது. அவர்கள் நன்றி என்று ஒரு வரி எழுதினார்கள். அடுத்த வேலை வரவில்லை. ஏன் வரவில்லை என்று எழுதவில்லை.

ஐந்து பேரும் காண்ட்ராக்டிலேயே இருந்தோம். சேகர் ஒரு வாரம் என்னோடு பேசவில்லை. எட்டாம் நாள் மெஷினைத் துடைத்துக்கொண்டே, என்னைப் பார்க்காமல் பேசினான்.

"உனக்கு வாயே இல்லன்னு நெனச்சினு இருந்தேன்கா."

"நேரம் எடுத்தது எனக்கே தெரியாமப் போச்சு சேகரு."

"தெரிஞ்சதாலதானே சொன்னே. தெரியாமப் போயிருந்தா நல்லா இருந்திருக்கும்."

நான்கு மாதத்தில் அவனுக்குத் திருநின்றவூருக்குப் பக்கத்திலேயே ஒரு மாத்திரைக் கம்பெனியில் வேலை கிடைத்தது, ஒரே ரயில், நிரந்தரம். கல்யாணப் பத்திரிகையை நேரில் வந்து கொடுத்தான். உறை மேல் சிவப்பு மையில், "மூணு தடவை படிச்சிட்டு வரவும்" என்று எழுதியிருந்தது. படித்தேன். தேதி மூன்று தடவையும் ஒன்றாகத்தான் இருந்தது. போய்விட்டு வந்தேன். என்னை அவர்கள் நிரந்தரம் செய்தது மூன்று வருடம் கழித்து, வேறு கம்பெனியின் வேறு பவுடர் வந்தபோது.

ஃபாரத்தில் உறைந்த நேரம் என்று ஒரு கட்டம் சேர்ந்தது. வேலை முறையும் மாறியது. மேடம் என்னைத் தனியாக நிறுத்தி வைத்துச் சொன்னார்: "முதல்ல போடு, பிறகு சரிபார். தலை ஜாடில இருக்கும், உடம்பு மேஜைல இருக்கும், ரெண்டும் எங்கயும் ஓடிடாது. நம்பரை அப்புறமா நூறு தடவை பாத்துக்கோ." எனக்கு யாரும் சொன்னதிலேயே கடினமான வேலை அதுதான். பார்க்காமல் போடுவதற்கு எனக்கு ஏழு மாதம் பிடித்தது. அதற்குப் பிறகு ஓய்வு பெறும்வரை பத்து செகண்டைத் தாண்டியதில்லை, எண்ணும் மாறியதில்லை. கேஸ் அடுப்பு விஷயத்தில் அந்த முறை செல்லாது.

புதிய மெஷினைப் பற்றி எனக்குக் குறை ஒன்றும் இல்லை. ஒரு நொடியில் யாருக்கும் பயப்பட நேரம் இருக்காது. கீர்த்தனாவுக்கு ஒன்றுதான் சொன்னேன்: மெஷினுக்குள் எந்த எலி எது என்று உனக்குத் தெரியாமல் பார்த்துக்கொள்.

ஸ்டாப்வாட்ச் விஷயம் மட்டும் பாக்கி இருக்கிறது. எட்டு எலிக்கும் அதைத்தான் பயன்படுத்தினோம் என்பதால் பணத்தைக் கேட்டு வாங்கிக்கொள்ளச் சொன்னார் மேடம். வவுச்சரில் "வாங்கிய காரணம்" என்று ஒரு கட்டம் உண்டு. "நான் எவ்வளவு நேரம் எடுத்துக்கொண்டேன் என்று பார்க்க" என்று எழுதினேன். மேடம் கையெழுத்துப் போட்டார். டைரக்டர் திருப்பி அனுப்பினார். இதைத் தணிக்கைக்கு வருகிறவர்கள் பார்த்தால் அதற்கு முன்னால் நேரமே பார்த்ததில்லையா என்று கேட்பார்களாம். லேப் உபயோகம் என்று வேறு தாளில் புதிதாக எழுதித் தரச் சொன்னார். நான் கோடு போட்டுப் பக்கத்தில் எழுதித் தருகிறேன் என்றேன். கோடு போட்டால் அடியில் இருப்பது தெரியும், அதனால் கூடாது என்றார்கள். தெரிய வேண்டும் என்றுதான் எனக்குக் கற்றுக்கொடுத்திருந்தார்கள்.

"அவங்க சொன்னபடி எழுதினா பணம் வந்துடும்" என்றார் மேடம். "உன் இஷ்டம்."

எழுதவில்லை. வாட்ச் அந்த அறையிலேயே ஜாடிக்கு மேல் ஆணியில் தொங்கியது. பேட்டரி நான் மாற்றினேன். கடைசி நாள் சாமான்களை ஒப்படைக்கும்போது, அது கம்பெனிப் பட்டியலில் இல்லை என்று ஸ்டோரில் வாங்க மறுத்தார்கள். வீட்டுக்கு எடுத்துப் போகலாம் என்றால், வெளியே கொண்டு போகும் பாஸ் இல்லை என்று கேட்டில் விடவில்லை. திரும்பப் போய் ஆணியில் மாட்டிவிட்டு வந்தேன். இப்போதும் அங்கேதான் இருக்கிறது என்று கீர்த்தனா சொல்கிறாள், ஓடுகிறதாம்.

ஆண்டு மலர் மாடிக்கும், டைரக்டர் அறைக்கும் போகும் என்றாள். பில்லும் வவுச்சரும் என்னிடம் பத்திரமாக இருக்கின்றன. காரணம் எழுதிய கட்டத்தில் ஒரு கோடு கூட இல்லை. வர வேண்டியது நூற்று அறுபத்தைந்து ரூபாய்.